மாங்காய்ப் பருவத்தில் ஜாவா மாற்றினோம்

போன வாரம், கம்பெனிகளில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் உங்களில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "மேடம், ஏழெட்டு கம்பெனி ஜாவா கெடைக்குது. எதைப் போடறது?" என்று கேட்டார். நான் அப்போது சித்தூர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்தும் போனேன். ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இதுதான் சிறந்தது என்று ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். அடுத்த வருடம் அந்தப் பெயர் பழசாகிவிடும். அதனால் எங்கள் கம்பெனி ஜாவாவை மாற்றிய வருடம் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்தது மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஒரு கம்பெனியில். ஆலை சித்தூருக்கு வெளியே. தலைமை அலுவலகம் திருப்பதியில். கணினிப் பிரிவு அங்கேதான், அதற்கு நான்தான் பொறுப்பு. இவை தவிர சென்னை சாலையில், வடமாலபேட்டையில், விவசாயிகளிடம் மாங்காய் வாங்கும் யார்டு ஒன்று. டிராக்டர் எடைமேடையில் ஏறியதும் எடை திருப்பதியிலுள்ள சர்வருக்குப் போகும். அங்கிருந்து ஒரு சீட்டு யார்டில் அச்சாகி வரும். விவசாயியின் பெயர், ஊர், காயின் ரகம், எடை. அந்தச் சீட்டு கையில் இருந்தால்தான் அவர் காய்க்குக் கணக்கு உண்டு.

சீட்டு இரண்டு மொழிகளில் வரும். தெலுங்கு வேண்டுபவருக்குத் தெலுங்கு, தமிழ் வேண்டுபவருக்குத் தமிழ். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரி, நாகலாபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தெலுங்கு நன்றாகப் பேசுவார்கள், ஆனால் பலருக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ்தான். அதனால் தமிழ்ச் சீட்டு என்பது எங்கள் கம்பெனி அவர்களுக்கு வெகு நாட்களுக்கு முன்பே கொடுத்திருந்த வாக்கு.

சீட்டு அச்சிடும் நிரல் ஜாவாவில் எழுதப்பட்டது. உங்களுக்குத் தெரிந்ததுதான், உங்கள் வீட்டில் இதை யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜாவாவில் எழுதிய நிரல் ஓடவேண்டும் என்றால் அதை ஓட்டுகிற மென்பொருள் ஒன்று கணினியில் இருக்கவேண்டும். அதையும் நாம் ஜாவா என்றே சொல்கிறோம். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. அதை எடுத்து ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயரில் தயாரித்துத் தருகிறது. சிலர் இலவசமாகத் தருகிறார்கள். சிலர் கட்டணம் வாங்கிக்கொண்டு, பழுது வந்தால் கூட நிற்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் நமக்குச் சம்பளம்.

நாங்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்த ஜாவாவின் கட்டண விதி ஒரு நாள் மாறியது. ஜாவா ஓடும் கணினிகளை எண்ணி வாங்குவது போய், கம்பெனியில் வேலை செய்யும் ஆட்களை எண்ணி வாங்குவது என்றானது. விதி போடுகிறவர்களுக்கு அதற்கு ஒரு காரணம் இருக்கும். எங்களுக்கு அதில் ஒரு சிக்கல். கணினிகள் கொஞ்சம். ஆட்களோ, பருவம் வந்துவிட்டால் மாங்காய் கழுவ, சீவ, கொட்டை எடுக்க என்று ஆலை கொள்ளாமல் நிற்பார்கள்.

எங்கள் எம்.டி. தெலுங்குக்காரர். என்னிடம் தமிழில்தான் பேசுவார். அந்த விதியை நான் விளக்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எஸ்தரம்மா, மாங்காய் சீவுற பொம்பளைங்களுக்கு எதுக்கு ஜாவா? அவங்க கையில இருக்கறது கத்தி!"

"சார், விதி அப்படித்தான்."

"அப்ப வேற பாருங்க. பருவத்துக்கு முந்தி முடிங்க."

வேறு பார்க்கிற வேலையில் எனக்குத் துணை லாவண்யா. பாகாலாவிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். எங்கள் பிரிவில் மிகக் கெட்டிக்காரி, மிக அவசரக்காரியும் அவள்தான். முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "எல்லாம் ஒரே சோர்ஸ் கோடு மேடம். எதைப் போட்டாலும் ஒண்ணுதான். வேகத்த மட்டும் பாத்து முடிச்சுடலாம்." வேகத்தைப் பார்த்தாள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேகம். அவளுக்கு அதில் பெரிய ஏமாற்றம்.

நான் விற்கிறவர்களைக் கூப்பிட்டேன். திருப்பதியில் அலுவலகம் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. மற்ற ஊர்க்காரர்களுக்கு வீடியோவில் முகம் காட்டிவிட்டுப் போகிறவர்கள் நமக்கு நேரிலேயே வருவார்கள், வரும்போது குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு வருவார்கள். அந்த மாதம் எங்கள் மீட்டிங் அறையில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக உட்கார்ந்து சர்வர் பாதுகாப்பைப் பற்றி விளக்கியவர்கள் ஒருவருக்கு மேல் உண்டு. எல்லோரும் லட்டு கொடுத்தார்கள். நான் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள்தான், ஆனால் லட்டு விஷயத்தில் எனக்கு எந்த பேதமும் கிடையாது.

வந்த எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். "பருவத்தின் நடுவில் எங்கள் சீட்டு நின்றுபோனால் நான் யாரைக் கூப்பிடுவது?" ஒருவர் இணையதளத்தில் கேள்வியைப் பதிவு செய்யச் சொன்னார். இன்னொருவர் தன் கம்பெனி உலகம் முழுவதும் எத்தனை நாடுகளில் இருக்கிறது என்று சொன்னார். பெங்களூரிலிருந்து வந்த ஒரு சின்ன கம்பெனிக்காரர் மட்டும் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்.

"மேடம், போன வருஷம் எத்தனை தடவை நின்னுச்சு?"

"பலமுறை."

"அதுல ஜாவாவால நின்னது?"

நான் யோசித்துப் பார்த்தேன். மின்சாரம், கேபிளைக் கடித்த அணில், தீர்ந்துபோன காகிதம். "ஜாவாவால் ஒன்றுகூட இல்லை."

"அப்ப உங்களுக்கு எங்க கட்டண ஆதரவு இப்ப வேணாம். இலவசமா கெடைக்கறதே போதும். நாங்க தயாரிக்கற ஜாவா, அதான் எங்க பில்டு, அதையும் இலவசமா இறக்கிக்கலாம், ஒரு ஓரமா வெச்சுக்குங்க. ஆனா எதைப் போட்டாலும் எத்தன வருஷத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவாங்கன்னு மட்டும் எழுத்துல பாத்துக்குங்க."

விற்க வந்தவர் விற்காமல் போகிறாரே என்று லாவண்யாவுக்கு ஆச்சரியம். எனக்கும்தான். வேலையில் இருந்த கடைசி நாள் வரை, எந்த மென்பொருளைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் அவரைத்தான் கூப்பிட்டேன். உங்களிடமும் இப்படி ஒருவர் வருவார். அவருடைய எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொன்னபடியே பார்த்து, ஓர் அறக்கட்டளை தயாரித்து இலவசமாகத் தருகிற ஜாவாவைத் தேர்ந்தெடுத்தோம். திருத்தங்கள் எத்தனை வருடம் வரும் என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். லாவண்யா ஒரு கணினியில் சோதனை செய்தாள். தெலுங்குச் சீட்டு வந்தது, தமிழ்ச் சீட்டும் வந்தது. எல்லாம் சரி. சர்வரில் பழைய ஜாவாவை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டோம். இப்போது எந்தக் கணினியிலும் பழையது ஓடவில்லை என்று பழைய ஜாவா கம்பெனிக்கு நான் கையெழுத்துப் போட்டும் கொடுத்தாயிற்று.

பருவத்தின் முதல் நாள் நான் எப்போதும் வடமாலபேட்டை யார்டில் இருப்பேன். அன்றும் காலையிலேயே போய்விட்டேன். யார்டு மேனேஜர் பாஸ்கர் எடைமேடைக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். டிராக்டர்கள் சாலை வரைக்கும் நின்றன. முதலில் வந்த சிலர் வடமாலபேட்டை பக்கத்துத் தெலுங்கு விவசாயிகள். சீட்டு பளிச்சென்று வந்தது. பாஸ்கர் எனக்குத் தேங்காய்ச் சில்லு கொடுத்தார்.

அடுத்த டிராக்டர் நாகலாபுரத்து ஏழுமலையுடையது. வருடா வருடம் வருகிறவர். நல்ல உயரம், அதற்கேற்ற குரல். சீட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு யார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"இன்னாம்மா இது? எடைச் சீட்டு கேட்டா ஜாதகம் குடுக்கறீங்க? கட்டம் கட்டமா போட்டுக்கினு!"

வாங்கிப் பார்த்தேன். எடை எண் இருந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஊர் இருக்கவேண்டிய இடத்திலும் கட்டங்கள். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

பின்னால் நின்றவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "தெலுங்குக்காரங்க சீட்டுல எழுத்து சரியா வந்துக்கினு இருக்குது. நம்பளுக்குத்தான் கட்டமா?"

"தமிழ எடுத்துட்டாங்கடா!" என்றது வேறொரு குரல்.

இந்த மாதிரி ஒரு வாக்கியம் எல்லைப்பக்கத்து யார்டில் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது உங்களுக்குப் புரியவேண்டும். சண்டை ஒன்றும் இல்லாத இடம்தான். ஒரே டீக்கடையில் குடிப்பவர்கள், ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறுகிறவர்கள். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, காய் வண்டியிலேயே சூடாகிக்கொண்டிருந்தது. ஒருவர் கைப்பேசியை எடுத்துச் சீட்டைப் படம் பிடிக்கத் தொடங்கினார். ஏழுமலை டிராக்டரை எடைமேடையில் அப்படியே நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். அவர் நகராமல் வேறு யாரும் ஏறமுடியாது.

பாஸ்கர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். முகம் வியர்த்திருந்தது. "மேடம், ஃபேக்டரில பாய்லர் ஏத்திட்டாங்க. காய் போகலன்னா என்னைத்தான் கேப்பாங்க. பழைய ஜாவாவையே போட்டுடுங்க மேடம். இன்னிக்கு ஒரு நாள். எவரு சூஸ்தாரு? யாரு பாக்கப் போறாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் திருப்பதியிலிருந்து லாவண்யா கூப்பிட்டாள். அவளுக்கும் செய்தி போயிருந்தது. "மேடம், அந்தப் பெங்களூர்க்காரர் பில்டு இங்க ரெடியா இருக்கு. ரெண்டு நிமிஷம். இதைத் தூக்கிட்டு அதைப் போட்டுடவா?"

ஆக, என் முன்னால் இரண்டு வழிகள். இரண்டுமே கேட்பதற்கு இனிமையாக இருந்தன.

பாஸ்கர் சொன்ன வழி வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயமே அதுதான். வேலை செய்துவிட்டால் அதை யாரும் எடுக்கப் போவதில்லை. இன்றைக்கு ஒரு நாள் என்பது பருவம் முழுக்க என்றாகும், பிறகு அடுத்த பருவம். என்னை எனக்கே தெரியும். ஓடுகிற சர்வரைத் தொட எனக்கும் மனம் வராது. ஆனால் இல்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

லாவண்யா சொன்ன வழியில் நேர்மைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் கெட்டது என்று தெரியாமலே மாற்றுகிறோம். அதிலும் கட்டம் வந்தால்? மூன்றாவது ஒன்றைப் போடுவோமா? நான்காவது? கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினால், ஒவ்வொரு தோல்வியும் நம் மீதுள்ள நம்பிக்கையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும்.

கையில் இருந்த சீட்டுகளை மறுபடி பார்த்தேன். ஒன்று தெலுங்கு, ஒன்று தமிழ். இரண்டும் ஒரே சர்வரில், ஒரே ஜாவாவில் உருவானவை. தெலுங்கை ஒழுங்காக வரைகிற ஜாவாவுக்கு வரையத் தெரியாமல் இல்லை. அதன் கைக்குத் தமிழ் எழுத்து எட்டவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் தப்பு இந்தக் கம்பெனி ஜாவாவிலும் இல்லை, அடுத்த கம்பெனி ஜாவாவால் சரியாகப் போவதும் இல்லை.

"லாவண்யா, ஜாவாவைத் தொடாதே. பழைய சர்வரோட பேக்கப் இருக்கில்ல? அதைத் திற. ஓட்டாதே, திறந்து பாரு. தமிழ் எழுத்துரு, அந்த ஃபான்ட், எங்க இருந்ததுன்னு தேடு."

"அதுக்கு நேரம் ஆகும் மேடம். அங்க எப்படிச் சமாளிப்பீங்க?"

"அது என் பாடு."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கும் தெரியாது. கூட்டத்துக்கு நடந்து போகிற அந்தத் தூரத்துக்குள் ஏதாவது தோன்றும் என்று நம்பினேன். தோன்றவில்லை.

அங்கே போனபோது ஏழுமலைக்கு அடுத்து நின்ற டிராக்டர்காரர் பேசிக்கொண்டிருந்தார். முனிரத்தினம் என்று பெயர், தெலுங்குக்காரர், ஆனால் தமிழ் சரளமாக வரும். "மேடம், எங்க தெலுங்குச் சீட்டு சரியா வருது. எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல. ஆனா இவரு சீட்டு சரியா வராம நான் இங்கருந்து நகர மாட்டேன்!" என்று கையை உயர்த்திச் சொன்னார்.

தமிழ் விவசாயிகள் அவரை நன்றியோடு பார்த்தார்கள்.

பாஸ்கருக்குத்தான் பொறுக்கவில்லை. "உங்களுக்கு ஏங்க இதெல்லாம்? உங்க சீட்டுதான் சரியா வருமே!"

"என்ன செய்யறது சார்," என்றார் முனிரத்தினம். "இவரு டிராக்டர் என் டிராக்டருக்கு முன்னால நிக்குதே. நான் எப்படி நகர்றது?"

ஏழுமலைதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். படம் பிடித்துக்கொண்டிருந்தவரும் சிரித்ததில் கைப்பேசி ஆடியது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் நான் பேசிவிட்டேன். நெருக்கடியில் இப்படி ஒரு சந்து கிடைத்தால் விடாதீர்கள். அது இரண்டாம் முறை கிடைக்காது.

"அண்ணா, தமிழ யாரும் எடுக்கல. நானும் தமிழ்க்காரிதான், எடுக்க விடுவேனா? மிஷின்ல தமிழ் எழுத்து இருந்த இடம் மாறிப் போச்சு. அங்க திருப்பதில தேடிக்கினு இருக்காங்க. எப்ப கெடைக்கும்னு எனக்கே தெரியாது. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன். ஆனா எடைய பாருங்க. வெளிய பெரிய போர்டுல எரியற நம்பரும் சீட்டுல இருக்கற நம்பரும் ஒண்ணா?"

ஏழுமலை கண்ணைச் சுருக்கி இரண்டையும் பார்த்தார். "ஒண்ணுதான்."

"அப்ப எடை சரி. பேரையும் ஊரையும் மட்டும் நீங்களே உங்க கையால எழுதுங்க. கீழ நான் ரகத்த எழுதிக் கையெழுத்து போடறேன். ரெண்டு சீட்டு எழுதுங்க, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எங்களுக்கு. கம்பெனி இதை ஒத்துக்கும். நான் பொறுப்பு."

"நானே எழுதலாமா?"

"உங்க பேருதானே."

அவர் என் பேனாவை வாங்கினார். டிராக்டரின் மட்கார்டில் சீட்டை வைத்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக எழுதினார். ஏழுமலை, நாகலாபுரம். அதில் ழகரம் மட்டும் மற்ற எழுத்துகளைப் போல் இருமடங்கு பெரிதாக இருந்தது. எழுதி முடித்து என்னிடம் நீட்டினார்.

"பாத்துக்கோம்மா. இதான் என் பேரு. இத்தன வருசமா எலுமலை, எலுமலைன்னு போட்டுக்கினு இருந்தீங்க. நான் இன்னா எலியா?"

காரணம் உடனே புரிந்தது. விவசாயிகளின் பெயர்களை எப்போதோ யாரோ ஆங்கிலத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். நிரல் அதைத் தமிழாக மாற்றி அச்சிட்டு வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ழ ஏது?

"சொல்லியிருக்கலாமேண்ணா?"

"மிஷின் தப்புன்னு உட்டுட்டேன். மிஷின்கிட்ட போய் யாரு பேசறது?"

அவர் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்குத் தொடங்கினார்கள். பழனி என்பவர் தன்னைப் பலனி ஆக்கியிருந்ததைச் சொன்னார். தமிழ்ச்செல்வி என்ற அம்மா, கணவர் இறந்தபிறகு தோப்பைத் தானே பார்ப்பவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "என்னை டமில்செல்வின்னு போட்டீங்களே, ஞாபகம் இருக்குதா? என் மருமவன் அதப் படிச்சிட்டு ஒரு வாரம் சிரிச்சிக்கினு இருந்தான். குடு பேனாவ."

அதன்பிறகு வரிசை நின்ற இடம் தெரியவில்லை. எடைமேடையில் ஏறுவது, எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது, பெயரை எழுதுவது, இறங்குவது. எழுதத் தெரியாத ஒருவருக்கு முனிரத்தினம் எழுதித் தருகிறேன் என்றார். தெலுங்கில் எழுதிவிட்டு, அதற்காகத் திட்டும் வாங்கினார். பாஸ்கர் மேசையைப் போட்டு, பேனாக்களை வரவழைத்து, தண்ணீர்ப் பானை வைத்தார். முதல் லாரி சித்தூர் ஆலைக்குக் கிளம்பியபோது அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கையெழுத்துப் போட்டுப் போட்டு எனக்கு விரல் வீங்கியிருந்தது.

மதியச் சாப்பாட்டு வேளைக்கு லாவண்யா கூப்பிட்டாள். குரலில் உற்சாகம். "கெடைச்சுருச்சு மேடம்! பழைய ஜாவா ஃபோல்டர் உள்ளயே, ஆழத்துல, யாரோ தமிழ் எழுத்துருவ வெச்சிருக்காங்க. ஜாவாவத் தூக்கினப்ப அதுவும் சேர்ந்து போயிருச்சு. தெலுங்கு சர்வர்லயே தனியா இருந்ததால தப்பிச்சது."

"அப்ப உன் சோதனையில தமிழ் எப்படி வந்தது?"

"அது முந்தி எச்.ஆர். கம்ப்யூட்டர் மேடம். தொழிலாளிங்களுக்கு நோட்டீஸ் அடிக்க அதுல ஏற்கனவே தமிழ் போட்டிருக்காங்க."

யாரையும் திட்ட முடியாத தப்பு. எப்போதோ ஒப்பந்தத்தில் வந்து நிரலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போன யாரோ ஒருவர், தமிழ் வரவில்லையே என்று அந்த எழுத்துருவைக் கைக்கு எட்டிய இடத்தில் வைத்திருக்கிறார். அன்றைக்கு அது சரிதான். லாவண்யா இலவசமாகக் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றை எடுத்து, இந்தமுறை ஜாவாவுக்கு வெளியே, சர்வரிலேயே நிறுவினாள். "இப்ப அடிச்சுப் பாருங்க."

ஏழுமலை அப்போது காயை இறக்கிவிட்டு எலுமிச்சை சாதம் துன்னுக்கினு இருந்தார். (எழுத்தில் 'தின்று' என்று எழுத வேண்டும். அவர் துன்னார்.) அவரைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே சீட்டை அச்சிட்டேன். எழுத்து அருமையாக வந்தது, கொட்டை கொட்டையாக, படிக்க வசதியாக. அவர் வாங்கி, கையைத் தள்ளி நீட்டிப் படித்தார்.

"எலுமலை," என்றார்.

யார்டே சிரித்தது. எழுத்தைத்தானே மீட்டிருந்தோம், பெயர் அப்படியேதான் இருந்தது. "இந்தச் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும்மா. நான் எழுதினது எங்கிட்ட இருக்குது," என்று சொல்லிவிட்டு மிச்சச் சாதத்தைச் சாப்பிடப் போனார்.

மறுநாள் திருப்பதியில் எம்.டி. எங்களைக் கூப்பிட்டார். அவருக்கு வந்த சேதி, இலவச ஜாவாவால் யார்டு நின்றது என்பது. "காசு குடுக்காம எடுத்தா இப்படித்தான் ஆகும். நல்ல கம்பெனி ஜாவாவா ஒண்ணு வாங்கிடலாமா?" என்று கேட்டார்.

லாவண்யா என்னைப் பார்த்தாள். நீயே சொல் என்று தலையசைத்தேன். அவள்தான் பேசினாள். "சார், எதை வாங்கியிருந்தாலும் இதே கட்டம்தான் வந்திருக்கும். காசு குடுத்து வாங்கினதுலயும் நம்ம தமிழ் எழுத்து இருந்திருக்காது. அதை உள்ள வெச்சது நம்ம ஆளு. நேத்து நான் அவசரத்துல வேற பில்டு போடலாம்னு சொன்னேன். போட்டிருந்தா அதுவும் கெட்டது, இதுவும் கெட்டதுன்னு இன்னிக்கு நாம பேசிக்கிட்டு இருந்திருப்போம்."

எம்.டி. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்ப எந்த ஜாவா நல்லது?"

"இப்ப இருக்கறதே இருக்கட்டும் சார். ஆனா நம்ம சாமான் ஒண்ணுகூட இனி அதுக்குள்ள இருக்கக் கூடாது. எழுத்துரு, சர்வரோட பாதுகாப்புச் சான்றிதழ், எல்லாத்தையும் வெளிய எடுத்துடறேன். பெங்களூர்க்காரர் பில்ட இன்னொரு சர்வர்ல போட்டு, அதுலயும் மாசாமாசம் எல்லாச் சீட்டையும் அடிச்சுப் பாக்கறேன். நாளைக்கு இவங்க விதி மாத்தினா நாம அன்னிக்கே அங்க போயிடலாம்."

எனக்கு அதற்குமேல் சேர்க்க ஒன்றும் இருக்கவில்லை. நீங்கள் தொலைபேசியில் கேட்டதற்கும் என் பதில் அதுதான். திருத்தம் எத்தனை வருடம் வரும், யார் பொறுப்பு, உங்களிடமுள்ள மிகப் பழைய கணினியில் அது ஓடுமா, இதையெல்லாம் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகத் தேர்ந்தெடுத்தோமா என்று அதற்குமேல் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அதை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு நிம்மதியாகப் போகமுடியுமா என்பதைப் பாருங்கள். போகமுடிகிற வரைக்கும் எல்லா ஜாவாவும் நல்ல ஜாவாதான்.

அந்தப் பருவம் முழுக்க லாவண்யா பெயர்களைத் திருத்தினாள். விவசாயிகள் கையால் எழுதிக் கொடுத்த சீட்டுகளை வைத்து ஒவ்வொன்றாகத் தமிழிலேயே பதிந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுதச் சுமார்தான். ழகரத்துக்கும் ளகரத்துக்கும் என்னிடம் வந்து நிற்பாள். பாகாலா ரயிலில் தமிழ் எழுத்து எழுதிப் பழகுவதாகச் சொன்னாள்.

அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள், நான் ஓய்வு பெறச் சில வாரங்களே இருந்தபோது, என் மேசைக்கு வந்தாள். "மேடம், சோதனை முடிஞ்சுது. எல்லாச் சீட்டும் சரியா வருது. ஆனா நானே பாத்து நானே சரின்னு சொல்ல எனக்கு இஷ்டமில்ல. நாகலாபுரம் போயிட்டு வரலாமா?"

பஸ்ஸில் போனோம். வேதநாராயணர் கோயிலைத் தாண்டி, விசாரித்து விசாரித்து, ஏழுமலையின் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். கிளைகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் பதறிப் போனார். இந்த வருடம் காய் வாங்கமாட்டோம் என்று சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. இளநீர் வெட்டிக் கொடுத்தார். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து லாவண்யா நீட்டிய சோதனைச் சீட்டை வாங்கினார்.

முதலில் பெயர். விரலை வைத்து எழுத்து எழுத்தாக மெல்லப் படித்தார். "ஏ... ழு... மலை." தலையை ஆட்டினார். ஊரைப் படித்தார், அதுவும் சரி. ரகம், கிளிமூக்கு, சரி. கடைசியில் அவர் விரல் எடையில் போய் நின்றது. அங்கேயே நின்றது. சோதனைச் சீட்டு என்பதால் கட்டத்தில் எவ்வளவு பெரிய எண் கொள்ளும் என்று பார்க்க, லாவண்யா ஒன்பதாகவே அடித்து வைத்திருந்தாள். அந்த எடைக்கு மாங்காய் நாகலாபுரம் முழுவதையும் உலுக்கினாலும் விழாது.

"ஐயோ, அது சும்மா போட்டது, மாத்திடறேன்," என்று அவள் கையை நீட்டினாள்.

ஏழுமலை சீட்டைக் கொடுக்கவில்லை. நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது கண்ணு," என்றார். "ஒண்ணும் மாத்தாத."